கையால் தைக்கும் பைஜாமா: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

ஆறு வருடமாக என் பைஜாமாக்களை நானே கையால் தைத்துப் போட்டுக்கொள்கிறேன். வீட்டில் மிஷின் இல்லை, ஓட்டவும் தெரியாது. ரயிலில் கேட்டார்கள், அலுவலகத்தில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலேயே ஒருவர் கேட்டார். ஆள்தான் வேறு, சந்தேகம் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் எழுதிவைத்தேன். இங்கே பைஜாமா என்பது ஒரு காலுக்கு ஒரே துண்டுத் துணி, பக்கவாட்டில் தையல் இல்லாமல், இடுப்பில் நாடா கோர்த்தது. பாரசீகத்தில் பாய் என்றால் கால், ஜாமா என்றால் உடை. பெயரே அவ்வளவு எளிது.

"மிஷின் இருக்கிற காலத்துல கையால எதுக்குத் தைக்கணும்?"

தைத்தே ஆக வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மிஷின் வைத்திருந்தால் நீளத் தையலை அதில் ஓட்டிவிட்டு மற்றதைக் கையால் முடியுங்கள், ஒரு குற்றமும் இல்லை. நான் தொடங்கியதற்குக் காரணம் கோபம். கடையில் வாங்கிய பைஜாமா மூன்றாவது துவைப்பில் கவட்டையில் விட்டுவிட்டது, அதாவது இரண்டு கால்களும் சேரும் இடத்தில். தைத்து வாங்கினேன், மறுபடி விட்டது. பிரித்துப் பார்த்தபோதுதான் தையலில் குறை இல்லை, வெட்டியதிலேயே துணி போதவில்லை என்று தெரிந்தது.

எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1846இல். மிஷின்கள் ஊரெங்கும் பரவியது அதற்கும் பிறகுதான். அதுவரை உலகம் கைத்தையலைத்தான் போட்டுக்கொண்டு நடந்தது.

"கைத்தையல் பிரிஞ்சு மானம் போயிடாதா?"

எந்தத் தையல் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊசியை உள்ளே வெளியே என்று விட்டுக்கொண்டே போவது ஓட்டுத்தையல். அதை மட்டும் நம்பிக் கவட்டையைத் தைத்தால் பிரியத்தான் செய்யும். பின்தையல் வேறு மாதிரி. ஊசியை மேலே எடுத்து, ஒரு தையல் நீளம் பின்னால் போய்க் குத்தி, அடியில் இரண்டு தையல் நீளம் முன்னால் கொண்டுவந்து எடுக்க வேண்டும். மேலே பார்த்தால் மிஷின் தையல் போல வரிசையாக இருக்கும், அடியில் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுவில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்தில் இரண்டு மூன்று தையல் தளரும், அவ்வளவுதான். மடமடவென்று ஓடாது.

ஒரு இன்ச்சுக்கு ஏழெட்டுத் தையல் வந்தால் போதும். அதைவிட நெருக்கமாகக் குத்தினால் துணிதான் பலவீனப்படும்.

"எந்தத் துணி எடுக்கணும்? எவ்வளவு எடுக்கணும்?"

முதல் முறை பருத்தி. பாப்ளின், கதர், லுங்கித் துணி, கொஞ்சம் கனமான வேட்டி எல்லாம் நல்லது. மல் துணி கவட்டையில் தாங்காது. ரேயான் கையில் நிற்காமல் வழுக்கும், பாலியஸ்டரில் வேர்க்கும். அப்புறம், கருப்பும் கருநீலமும் எடுக்காதீர்கள். இரவு விளக்கில் கருப்புத் துணியில் கருப்பு நூலால் தைத்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வெறும் துணியாக எடுங்கள் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நான் முதலில் வெட்டியது இரண்டும் இடது கால். ஒன்றைத் திருப்பிப் போட்டேன், வலது காலாகிவிட்டது. பூப்போட்ட துணியாக இருந்திருந்தால் குப்பைதான். அச்சுத் துணி எடுத்தால், நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்க மடித்துப்போட்டு இரண்டு காலையும் ஒன்றாக வெட்டுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 36 பனா, அதாவது 36 இன்ச் அகலத் துணியில் நடுத்தர உடம்புக்கு இரண்டரை மீட்டர். கணக்கு எப்படி வருகிறது என்பது கீழே அளவுக் கேள்வியில் இருக்கிறது.

"பழைய வேட்டியில தைக்கலாமா?"

தைக்கலாமா என்றா கேட்கிறீர்கள்? எனக்குப் பிடித்ததே அதுதான். நாலு முழ வேட்டி சுமார் 72 இன்ச் நீளம், 50 இன்ச் அகலம் இருக்கும். காலின் உயரம் வேட்டியின் அகலத்தில் வருகிற மாதிரி போட்டு வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் வேட்டியின் கரை நேராகக் கணுக்காலில் வந்து உட்காரும். கரை பிரியாது என்பதால் அடியில் மடித்துத் தைக்கும் வேலையே இல்லை. மயில்கண் கரை வேட்டியில் நான் தைத்த ஒன்றை இன்றும் விலை கேட்கிறார்கள். துணியைக் குறுக்கே வெட்டுகிறோமே என்று பயம் வேண்டாம். வேட்டியாகக் கட்டும்போதும் துணி உடம்பில் அப்படித்தான் நிற்கிறது.

உயரம் கூடுதலாக இருந்தால் மேல்பக்கம் வெட்டுங்கள், கரையைத் தொடாதீர்கள். சீட் அளவு, அதாவது பின்பக்கம் பெருத்த இடத்தின் சுற்றளவு, 44 இன்ச் வரை நாலு முழம் போதும், அதற்கு மேல் எட்டு முழம். துணியை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் சல்லடையாகத் தெரியும். அந்த இடம் கவட்டையில் வரக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வந்தால் பரவாயில்லை.

"புதுத் துணியை நனைச்சுட்டுத்தான் தைக்கணுமா?"

ஆமாம். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். 40 இன்ச் காலில் இது ஒன்றேகால் முதல் இரண்டு இன்ச் வரை. இரவு ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் கத்தரியைத் தொடுங்கள். காடா துணியானால் கஞ்சி போகும்வரை இரண்டு முறை. பழைய வேட்டிக்கு இது தேவையில்லை, சுருங்க வேண்டியது எப்போதோ சுருங்கியிருக்கும்.

"என்ன ஊசி, என்ன நூல்?"

கை ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். மிஷின் ஊசியில் இதற்கு நேர்மாறு, அதனால் கடையில் கேட்கும்போது கை ஊசி என்று சொல்லிக் கேளுங்கள். ஏழு முதல் ஒன்பது நம்பர் வரை இந்த வேலைக்குச் சரி. மிஷினுக்குப் போடும் சாதாரண நூல்கண்டே போதும், கவட்டைக்கு மட்டும் இரட்டை நூல். நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்கு பாதியாகக் குறையும்.

நூலின் நீளம் ஒரு முழம், அதாவது முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. இரட்டை நூல் என்றால் மடித்தபின் ஒரு முழம். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு இரண்டு மடங்கு விட்டால், சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும். ஊசி குத்தாமல் விரல்நுனிக்குப் போடும் அங்குஸ்தான் ஒன்று வாங்கி நடுவிரலில் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் நாள் இடைஞ்சலாக இருக்கும். கதரில் அது இல்லாமல் ஒரு மாலை தைத்துப் பார்த்தால் பிறகு தானாகப் போடுவீர்கள்.

"அளவு எடுக்கத் தெரியாது. என்னென்ன அளவு வேணும்?"

மூன்றே அளவு. பின்பக்கம் பெருத்த இடத்தைச் சுற்றி ஒன்று, தையல்கடையில் சீட் என்பது இதைத்தான். தொப்பை அதைவிடப் பெரிதாக இருந்தால் தொப்பை அளவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில் திறப்பு கிடையாது, பெரிய இடத்தைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். இரண்டாவது, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம். மூன்றாவதுதான் உயிர்நாடி. பலகை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நாடா கட்டும் இடத்திலிருந்து பலகை வரை பக்கவாட்டில் அளக்க வேண்டும். இதை உட்கார்ந்த அளவு என்று வைத்துக்கொள்வோம்.

ஓர் உதாரணம்: சீட் 40, நீளம் 38, உட்கார்ந்த அளவு 11. சீட்டோடு தளர்வுக்கு 8 சேர்த்தால் 48, ஒரு காலுக்குப் பாதி 24. கவட்டைக்காக முன்னால் இரண்டரை இன்ச்சும் பின்னால் நாலு இன்ச்சும் துணி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தையலுக்கு இரண்டு ஓரமும் முக்கால் முக்கால் இன்ச். ஆக மொத்தம் 32 இன்ச் அகலம். நீளம் 38, நாடாப் பட்டிக்கு (நாடா ஓடுவதற்காக இடுப்பில் மடித்துத் தைக்கும் இடம்) 2, அடி மடிப்புக்கு ஒன்றரை. பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு இன்ச் உயரமாக இருக்க வேண்டும், அதையும் சேர்த்தால் நாற்பத்திரண்டரை. இரண்டு காலுக்கு 85 இன்ச். சுருங்குவதற்கும் கைத்தவறுக்கும் சேர்த்து இரண்டரை மீட்டர் வாங்கினால் நெஞ்சு படபடக்காமல் வெட்டலாம். வேட்டியிலும் இதே கணக்குத்தான்: 32, 32 என்று 64 போக மிச்சம் எட்டு இன்ச் பட்டையில் பையும் நாடாவும் வந்துவிடும்.

"அந்த வளைவை எப்படி வரையறது? அதுதான் பயமா இருக்கு."

முதலில் செய்தித்தாளில் வரையுங்கள். மேல் விளிம்பிலிருந்து கீழே அளந்து ஒரு குறுக்குக் கோடு: நாடாப் பட்டி 2, உட்கார்ந்த அளவு 11, அதோடு தளர்வுக்கு 2, ஆக 15 இன்ச். அந்தக் கோட்டில்தான் நாக்குகளின் நுனி வரும். இடுப்பிலிருந்து நேராக இறங்கி, கோட்டுக்கு நாலு இன்ச் மேலே வந்ததும் வளைக்கத் தொடங்கி நுனியில் சேர்க்க வேண்டும். முன் வளைவு சின்னது, கொஞ்சம் செங்குத்து. பின் வளைவு பெரியது, கிண்ணம் போலப் படுத்திருக்கும். மேல் விளிம்பு பின்னாலிருந்து முன்னால் வரும்போது ஒரு இன்ச் இறங்கட்டும், 15 இன்ச் அளந்தது இந்த இறங்கிய முன்பக்கத்தில்தான். நுனியிலிருந்து கணுக்காலுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு உள்ளே ஒடுக்கிக்கொண்டு வாருங்கள். அடிச் சுற்று 20 முதல் 22 இன்ச் இருந்தால் காலை மடக்கித் தரையில் உட்காரச் சுகம்.

வரையவே பயமாக இருந்தால், உங்களுக்குப் பொருந்தும் பழைய பைஜாமாவின் ஒரு காலுக்குள் மற்றதை நுழைத்து, தாளின் மேல் பரப்பி, ஓரத்தைச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். எலாஸ்டிக் இருந்தால் இழுத்துப் பிடித்து வரைய வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு குறுகிவிடும். தையலுக்கு முக்கால் இன்ச் சேர்க்க மறக்காதீர்கள்.

"எதை முதல்ல தைக்கணும், எதைக் கடைசியில?"

பை வேண்டுமானால் துணி பரப்பிக் கிடக்கும்போதே வையுங்கள். ஆறரைக்கு ஏழரை இன்ச், வெளியே ஒட்டிய பை. மேல் மூலை இரண்டிலும் சின்ன முக்கோணமாக இரட்டைத் தையல். அதில் செல்போன் போட்டால் பைஜாமா ஒரு பக்கம் இறங்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஒவ்வொரு காலாக உள்தொடைத் தையல், நல்ல பக்கம் உள்ளே இருக்க. இரண்டு குழாய் கிடைக்கும். ஒன்றை மட்டும் நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, திருப்பாத மற்றதுக்குள் நுழையுங்கள். உள்தொடைத் தையல் இரண்டும் நேருக்கு நேர் வந்து, முன் வளைவு முன் வளைவோடும் பின் வளைவு பின் வளைவோடும் பொருந்தும். இப்போது, முன் இடுப்பில் நாடாவுக்கு வாசல் மட்டும் விட்டு (அதைக் கீழே நாடாக் கேள்வியில் சொல்கிறேன்), முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை ஒரே மூச்சாகத் தைக்கலாம். முதலில் பெரிய பெரிய ஓட்டுத்தையலாக நூலோட்டி, போட்டுப் பார்த்து, சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். பிடித்தால் இப்போது பிரிப்பது ஒரு நிமிட வேலை. கடைசியில் நாடாப் பட்டி, அடி மடிப்பு.

"ஓவர்லாக் இல்லாம ஓரம் நூல் பிரியுமே?"

உள்தொடைத் தையலுக்கு, பின்தையல் போட்டபின் ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் கால் இன்ச்சாகக் கத்தரித்து, மறுபக்கத்து ஓரத்தை அதன்மேல் மடித்துப் படியவைத்து எம்மிங் செய்துவிடுங்கள். பிரிந்த நூல் எல்லாம் உள்ளே அடங்கிவிடும், தொடையிலும் உரசாது.

கவட்டை வளைவில் இப்படி மடிப்பது முதல் முறை சரியாக வராது, துணி முரண்டு பிடிக்கும். அங்கே முதல் தையலுக்குக் கால் இன்ச் வெளியே இன்னொரு வரிசை பின்தையல் போட்டு, அதற்கு வெளியே இருக்கும் மிச்சத்தைக் கொஞ்சம் கத்தரித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்துவிடுங்கள். இரண்டு வரிசை இருப்பதால் பலமும் ஆயிற்று.

"நாடா கோர்க்க காஜா எடுக்கணுமா?"

வேண்டாம். முன்பக்கம் கவட்டைத் தையலை மேலே மூன்று இன்ச்சில் நிறுத்திவிடுங்கள். பட்டி மடியும் இடத்தில் ஒரு இன்ச் இடைவெளி விட்டு மீதியைத் தைத்தால் அதுவே நாடாவுக்கு வாசல். திறந்த இடத்தின் ஓரங்களை மட்டும் நெருக்கமாகத் தைத்துக்கொள்ளுங்கள். நாடா இடுப்பளவோடு 30 இன்ச் கூட இருக்கட்டும். ஊக்கு ஒன்றை நுனியில் மாட்டி உள்ளே தள்ளினால் சுற்றி வந்துவிடும். வந்ததும், பின்பக்கம் நடுவில் நாடாவையும் பட்டியையும் சேர்த்து நாலு தையல் போடுங்கள். துவைக்கும்போது நாடா ஒரு பக்கமாக உருவிக்கொண்டு போகும் தொல்லை அதோடு ஒழியும்.

வயதானவர்களுக்கும் விரல் மடங்கச் சிரமப்படுபவர்களுக்கும் முடிச்சு அவிழ்ப்பது பெரும்பாடு. அவர்களுக்கு எலாஸ்டிக் போட்டுக் கொடுங்கள்.

"மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?"

என் முதல் பைஜாமா ஒன்பது மாலை. இப்போது நாலு மாலை, தினம் ஒன்றரை மணி நேரம். விளக்கு வைத்தபிறகு ஊசியைத் தொடாதே என்று எங்கள் பாட்டி சொல்வார். சாஸ்திரமோ இல்லையோ, அகல் விளக்குக் காலத்தில் கண்ணுக்கு நல்ல புத்திதான். நான் பகல் வெளிச்சத்தில் வெட்டுவதையும் நூலோட்டுவதையும் முடித்துவிட்டு, இரவில் நேர்த் தையலை மட்டும் வைத்துக்கொள்வேன்.

"தைச்சு முடிச்சாச்சு. உட்கார்ந்தா பிடிக்குது. தூக்கிப் போட வேண்டியதுதானா?"

எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். உட்காரும்போது பின்பக்கம் இடுப்பு கீழே இழுத்தால் பின் உயரம் போதவில்லை. பட்டியைப் பிரித்து, பின்பக்கம் மட்டும் மடிப்பைக் குறைத்தால் அரை இன்ச்சாவது கிடைக்கும். முன்னால் கவட்டையிலிருந்து தொடைக்குப் பூனை மீசை போலச் சுருக்கம் ஓடினால் நாக்கு குட்டை. மாறாக, கவட்டை தொளதொளவென்று தொங்கி நடக்கும்போது தொடையைத் தட்டினால் உட்கார்ந்த அளவுக்கு மேல் அதிகம் விட்டுவிட்டீர்கள். மேலே வெட்டி மறுபடி பட்டி மடிக்கலாம், அது சுலபம்.

நாக்கு குட்டை என்றால் மருந்து ஒன்றுதான். மிச்சத் துணியில் ஐந்து இன்ச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். கவட்டையில் நாலு தையல் சந்திக்கும் இடத்தை நாலு பக்கமும் சுமார் நாலு இன்ச் பிரித்து, சதுரத்தின் ஒவ்வொரு மூலையும் ஒரு தையலைப் பார்க்கிற மாதிரி வைத்துப் பின்தையல் போடுங்கள். அகலமும் ஆழமும் ஒரே நேரத்தில் கூடும். சல்வாரில் கால்களுக்கு நடுவே ஒட்டுத் துண்டு வைப்பதும் இதே யோசனைதான். ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கடைப் பைஜாமாவை நான் இப்படித்தான் காப்பாற்றினேன். துண்டு வேறு நிறம், ஆனால் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

"லுங்கித் துணியில தைச்சேன். கட்டம் இரண்டு காலிலயும் ஒத்து வரலை. என்ன தப்பு?"

குறுக்குக் கோடு ஒத்து வராவிட்டால், இரண்டு காலையும் வேறு வேறு உயரத்தில் வைத்து வெட்டியிருக்கிறீர்கள். வேட்டியில் சொன்னது போல இரண்டு காலின் அடியையும் ஒரே கரையில் வைத்து வெட்டினால் குறுக்குக் கோடுகள் தானாக ஒத்துவரும். நூலோட்டும்போது, அடியில் இருக்கும் துணியின் கோட்டில் குண்டூசி குத்தி மேல் துணியின் அதே கோட்டில் வெளியே வருகிறதா என்று நாலைந்து இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் தைக்கும்போது துணி நகராது என்பதால் இது மிஷினைவிட நன்றாகவே வரும்.

நெடுக்குக் கோடு வேறு கதை. முன் நடுவில் ஒரே கட்டம் பாதி பாதியாக வந்து சேர வேண்டுமென்றால், தாள் வடிவத்தின் முன் இடுப்புக் கோட்டை இரண்டு காலுக்கும் கட்டத்தின் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டத்தின் அகலம் அளவுக்குத் துணி கூடுதலாகப் போகும். முன்னால் ஒத்துவந்தால் பின் வளைவில் ஒத்து வராது, அந்த வளைவு பெரிது என்று மேலே சொன்னேனே. நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்வேன்.